சக்கரம் வைத்த வீட்டுக்கு வெந்நீர்

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது எழுதிவிடுகிறார்கள். துறைமுகம், மாடமாளிகை, கண்ணைப் பறிக்கும் கடைவீதி என்று படிக்கிறவன் வாயில் எச்சில் ஊறும்படி எழுதுகிறார்கள். நான் பார்த்த சிங்கப்பூர் வேறு. அந்த ஊரில் இருந்த நாலைந்து நாளும் ஒரு வெந்நீர்த் தொட்டிக்குச் சாமான் தேடித் தெருத்தெருவாக அலைந்தேன். அது எனக்காகவும் இல்லை. எங்கள் அத்தானுக்காக.

"உங்க பொண்ணு சிங்கப்பூர்ல பஸ்ஸில குடியிருக்கு" என்று ஊர் வந்துபோன ஒரு புண்ணியவான் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அதோடு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன். கோடை விடுமுறை விட்டதும் என்னைப் பிடித்துக் கப்பல் ஏற்றிவிட்டாள். ஒரே கட்டளைதான். அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை கப்பல் கரை சேர்ந்தது. சிங்கப்பூர் தனி நாடாகி அதிக நாள் ஆகவில்லை. அத்தான் துறைமுகத்துக்கு வந்திருந்தார், வழக்கம்போல் எல்லோரும் போன பிறகு. அத்தான் பரமசிவம் வெள்ளைக்காரர்களுடைய கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். ஆணி முதல் நங்கூரம் வரை எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மனைவி எந்த நிலையில் இருக்கிறாள் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

"வா மாப்ளே. நம்ம வீட்டைப் பார்த்தீன்னா அசந்துடுவே லா" என்றார். பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது அந்த ஊர்ப் பழக்கம்.

அசந்துதான் போனேன். காத்தோங் பக்கம், கடலை ஒட்டி, ஒரு சீனருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் அது நின்றது. பச்சை வண்ணம் அடித்த பழைய பஸ். இருக்கைகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டில், அலமாரி, அடுப்பு, குளிக்க ஒரு மூலை என்று உள்ளே பொருத்தியிருந்தார்கள். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஆசையாகக் கட்டிக்கொண்டு, ஊருக்குத் திரும்பும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதை நம்பி சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த நல்ல வாடகை வீட்டை இவர் காலி செய்துவிட்டார். நினைத்த ஊருக்கு வீட்டோடு போகலாமாம். சக்கரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது.

அக்கா சிவகாமி படிக்கட்டில் நின்றிருந்தாள். பஸ் படிக்கட்டு. கண்டக்டர் நிற்கிற இடம். இடது மணிக்கட்டில் வெந்த தழும்பு பளபளவென்று தெரிந்தது. அத்தானை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

அவர் சீனர் வீட்டுக்கு ஏதோ பேசப் போனதும் அவளே சொன்னாள். கட்டிலுக்கு அடியில் ஒரு செப்புத் தொட்டி. சீனர் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மின்சாரம் கொடுத்தால் அதில் தண்ணீர் காயும், குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். அளவான சூடு வந்ததும் மின்சாரம் தானாக நிற்க வேண்டும். நிற்பதில்லை. கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் குழாயைத் திறந்தவள் கையில் தண்ணீருக்குப் பதிலாக ஆவி அடித்துவிட்டது. அன்றிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

"ஸ்டவ்வில காய்ச்சிக் குளிக்கலாமேக்கா" என்றேன்.

"மாசக்கணக்கா அப்படித்தாண்டா குளிக்கிறேன். குழாயைத் திறந்தா வெந்நீர் கொட்டும், நீ ராணி மாதிரி குளிக்கலாம்னு சொல்லித்தான் அந்த வீட்டைக் காலி பண்ண வெச்சாரு. எனக்கு வெந்நீர் பெரிசில்ல. சொன்ன சொல்லு ஒண்ணாவது நடக்கணுமில்ல?"

அத்தான் திரும்பி வந்தார். அக்கா என் எதிரிலேயே அவரிடம் தீர்மானமாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை நான் தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். குழாயில வெந்நீர் வந்துச்சுன்னா இருக்கேன். வரலேன்னா தம்பிகூடக் கப்பல் ஏறிடறேன்."

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்த மனிதர் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வெந்நீர்த் தொட்டியைச் சரிசெய்வதாவது. அக்காவின் பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்ணாலேயே தேடி வைத்துக்கொண்டேன்.

தொட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கெட்டுப்போனது தெர்மோஸ்டாட். பித்தளைக் குழாய்க்குள் ஒரு கம்பி. சூட்டில் பித்தளை நீளும், கம்பி அவ்வளவாக நீளாது. அந்த வித்தியாசத்தில் டக்கென்று மின்சாரம் அறுந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு வருடாவருடம் இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். அத்தானுடைய தொட்டியில் இருந்தது துருவேறி ஒட்டிக்கொண்டு, எவ்வளவு சூடு வந்தாலும் அசையாமல் கிடந்தது.

"உங்க ஸ்டோர்ல இது இருக்காதா?" என்று கேட்டேன்.

"ஒரு அலமாரி நிறைய இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அது ராணியோடது மாப்ளே" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்து ராணி வந்து அலமாரியைத் திறந்து எண்ணப் போகிறாள் என்று நினைக்கிறாரோ என்னவோ. இப்படியும் ஒரு பிறவி.

செவ்வாய்க்கிழமை அத்தான் லீவு போட்டுவிட்டு என்னைச் சிராங்கூன் ரோட்டுக்கு அழைத்துப் போனார். தங்கம் விற்கிறவன், ஜவுளி விற்கிறவன், மாலை கட்டுகிறவன், மாவு அரைக்கிறவன் எல்லோரும் நம் ஆட்கள்தான். இதைப் பார்க்கவா கடல் கடந்து வந்தேன் என்று இருந்தது. கும்பகோணத்துக் கடைத்தெருவில் கிடைக்கிறதெல்லாம் அங்கேயும் கிடைக்கிறது, கொஞ்சம் ஈரமாக. சாப்பாட்டுக் கடையில் இலை போட்டுச் சாம்பார் ஊற்றினார்கள். அதில் ஏன் சர்க்கரை போட்டார்கள் என்று அந்தச் சமையல்காரனைத்தான் கேட்க வேண்டும். காப்பி கேட்டேன். கறுப்பாக ஒரு கஷாயத்தில் டப்பாப் பாலை ஊற்றிக் கலக்கிக் கொடுத்தான். டிகிரி காப்பி குடித்த நாக்கு, மூக்கால் அழுதது. அத்தான் இரண்டு கோப்பை குடித்தார்.

ஒரு சாமான் கடையில் அத்தான் முன்னால் போய், "அண்ணே, தெர்மோஸ்டாட் வேணும்" என்றார்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. மேல் தட்டிலிருந்து சிவப்புப் பூப்போட்ட ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கை இறக்கித் துடைத்து வைத்தார்.

"இதில்லண்ணே. வெந்நீருக்கு" என்றார் அத்தான்.

"இதுவும் வெந்நீருக்குத்தானே. ராத்திரி ஊத்தி வெச்சா காலைல வரைக்கும் சூடு போவாது. சைனா சாமான். நல்லா நிக்கும் லா."

"குளிக்கறதுக்குண்ணே. தொட்டியில மாட்டறது."

கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஊர் வெயில்ல யாரு தம்பி சுடுதண்ணில குளிக்கிறா? பச்சைத் தண்ணியே மத்தியானத்துல சுடுது. வெள்ளைக்காரன் குளிப்பான். அவங்கிட்ட போய்க் கேளுங்க."

பதில் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கடையைவிட்டு வெளியே வரும்போது அத்தான் கையில் பிளாஸ்க் இருந்தது. இறக்கித் துடைத்துவிட்டார்களாம், வாங்காமல் வருவது மரியாதை இல்லையாம். அடுத்த கடையிலும் தெர்மோஸ்டாட் என்றதும் பிளாஸ்க்கைத்தான் காட்டினார்கள். "எங்ககிட்ட இருக்குண்ணே" என்று அத்தான் தம்முடையதைத் தூக்கிக் காட்டினார். அந்தத் தெரு முழுக்க இதே கூத்து. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை வெள்ளைக்காரன் சாமான் வாங்கும் பெரிய கடைக்குப் போனோம். போனோம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய், அத்தான் கை காட்டி ஒரு திருட்டு டாக்ஸியை நிறுத்தினார். லைசென்ஸ் இல்லாமல் வழியில் நிற்கிறவர்களையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும் வண்டி. உள்ளே ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஒரு சீன அம்மாள் மடியில் உயிருள்ள வாத்து. அது என் சட்டைப் பொத்தானை ருசி பார்த்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் தூரத்தில் போலீஸ்காரர் தலை தெரிந்ததும் டிரைவர் எங்களையெல்லாம் இறக்கிவிட்டு ஒரு சந்துக்குள் மறைந்துவிட்டான். உடனே மழையும் பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை நம் ஊர் மழை மாதிரி முன்னால் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சீன அம்மாள் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுது?"

"வாத்துக்கு மழை பிடிக்குமாம்" என்றார் அத்தான்.

நனைந்த கோழிகளாகப் பெரிய கடைக்குள் போனோம். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் தரையில் நாங்கள் சொட்டிய தண்ணீரையே பார்த்தபடி பேசினார். சாமான் என்னவென்று அவருக்காவது தெரிந்திருந்தது. கையிருப்பு இல்லை, சீமைக்கு எழுதிப்போட்டுக் கப்பலில் வரவழைக்க வேண்டும், சில மாதம் ஆகும் என்றார். அத்தான் மெதுவாக, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதா சார்?" என்று கேட்டார். அந்த ஆள் சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

திரும்பும்போது அத்தான் வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்திருக்கும், அக்காவின் மணிக்கட்டு நினைவுக்கு வராமல் இருந்திருந்தால். அன்று சாயங்காலம் அக்கா புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா மடிக்கிறாளா, பெட்டியில் வைக்க மடிக்கிறாளா என்று தெரியவில்லை. அத்தானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை கடைசி முயற்சியாகச் சுங்கை ரோட்டுக்கு. சிராங்கூன் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். நாற்றமடிக்கும் ஒரு கால்வாய்க் கரையில் தரையில் சாக்கு விரித்து உலகத்துக் குப்பையெல்லாம் கொட்டி விற்கிறார்கள். அதற்குத் திருட்டுச் சந்தை என்று பெயர். ராணுவ பூட்ஸ், பல் செட், ஊசி இல்லாத கிராமபோன், காது உடைந்த கோப்பை. நேற்று உங்கள் வீட்டில் காணாமல்போனது இன்று இங்கே கிடைக்கும் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். ஊர்ப் பெருமை பேச அவருக்கு அகப்பட்ட விஷயம் இது.

ஒரு சீனக் கிழவர் கடையில் அத்தான் உட்கார்ந்துவிட்டார். மலாயில் என்னவோ பேச்சு. கிழவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினார். ஒயர் தொங்கியது. அத்தான் முகம் மலர்ந்தது.

"கிடைச்சிடுச்சு மாப்ளே. தண்ணில போட்டா சூடாகும், அதுவே நிக்கும். ஒரு வருசம் ஓடினதாம்."

வாங்கிப் பார்த்தேன். மீன் தொட்டியில் போடுகிற சாமான். வீட்டில் அழகுக்கு மீன் வளர்ப்பவர்கள் தண்ணீர் சில்லென்று ஆகாமல் இருக்கப் போடுவது. அத்தானுடைய தொட்டித் தண்ணீரை வெதுவெதுப்பாக்க அதற்கு ஒரு நாள் வேண்டும்.

"இது மீனுக்கு அத்தான்."

"மீனே சாவாதுன்னு சொல்றாரு. அப்ப உங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டு போயிருப்பார். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் வந்திருக்கும். அக்கா என்னோடு கப்பல் ஏறியிருப்பாள். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதன் என் கண்ணெதிரே மீன் தொட்டிச் சாமானைத் தெர்மோஸ்டாட் என்று கொண்டுபோவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பதினோரு வருஷமாகத் தப்பான விடைக்குச் சிவப்பு மை போட்ட கை இது.

"அறிவிருக்கா அத்தான்? இதுவும் அதுவும் ஒண்ணா? அதோ, அந்தப் பூட்ஸுக்குப் பக்கத்துல கிடக்குதே, அதுதான் தெர்மோஸ்டாட்" என்று கத்திவிட்டேன்.

கத்தின பிறகுதான் அதை நானே சரியாகப் பார்த்தேன். அதே பித்தளைக் குழாய். மேலே கறுப்புத் தலை. ஏறக்குறைய அதே நீளம். கிழவருக்கு அது என்னவென்று தெரியாது. ரேடியோக் கம்பி என்று சொன்னாராம்.

அப்போதாவது, கெட்டுப்போனது என்று சொல்லித் தூக்கிப் போட்டிருக்கலாம். அதற்கும் இந்தப் பாழாய்ப்போன வாத்தியார் புத்தி விடவில்லை. வேலை செய்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் நம் ஆள் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். உயரமான கண்ணாடித் தம்ளர் நிறையக் கொதிநீர் கேட்டேன்.

"டீத்தூள் போடாமலா?" என்றார்.

"போடாம."

குழாயை அதில் விட்டுக் காதோடு வைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர், "அண்ணே, அது குடிக்கிற கிளாஸு" என்றார். அத்தான் மூச்சுவிடாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் டக் என்றது. எடுத்து ஆறவிட்டேன். மறுபடியும் டக். இத்தனை சுத்தமாக எங்கள் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில்கூட அது கேட்டதில்லை.

அத்தான் நடுச்சந்தையில் என்னைக் கட்டிக்கொண்டார். கிளாஸுக்காகத் திட்டிக்கொண்டிருந்த டீக்கடைக்காரருக்கும் ஒரு கும்பிடு போட்டார். நான் மட்டும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவனாக நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பூட்டினோம். பூட்டினேன் என்று சொல்ல வேண்டும். அத்தான் அவசரத்தில் ஒயரை முன்னதாகவே மாட்டிவிட்டு, திருப்புளியைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் கை விடப் போனார். கையைத் தட்டிவிட்டுச் சீனர் வீட்டுக்கு ஓடி நானே ஒயரைப் பிடுங்கினேன். பழையதை உருவினேன். புதியதைச் சொருகினேன். இரண்டு ஒயரையும் முறுக்கினேன். தலையில் இருந்த எண் வட்டத்தை எதில் வைக்க என்று அத்தான் கேட்டார். கை பொறுக்கும் சூட்டுக்கு அளந்து நானே வைத்தேன். மின்சாரம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அக்கா தலை நிறைய நல்லெண்ணெய் வழிய, கிண்ணத்தில் சீயக்காயைக் குழைத்துக்கொண்டு நிற்கிறாள்.

எண்ணெய் வைத்துவிட்டால் வெந்நீர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே போக முடியாது, பச்சைத் தண்ணீரில் அது போகவும் போகாது.

"இன்னும் சோதிச்சே பார்க்கலியேக்கா. அதுக்குள்ள எண்ணெய் வெச்சிட்டியே" என்றேன்.

"நீதானே பூட்டினே" என்றாள்.

மூன்று பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். தொட்டி மெல்ல உறுமியது. சிங்கப்பூருக்கு வந்தது இவளைக் கூட்டிப்போக. இப்போது இவள் இங்கேயே இருப்பதற்கான சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வராதா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அத்தான் தழும்பிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் எதிரில் பிடிக்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

டக்.

உறுமல் நின்றது. அத்தான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, முதலில் தம்முடைய கையை நீட்டினார். கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு, "வா சிவகாமி" என்றார்.

அக்கா தொட்டித் தண்ணீர் தீரும்வரை குளித்தாள். பிறகு வெளியே வந்து தென்னைமரத்தடியில், கடல்காற்றில் கூந்தலை விரித்துக் காயவைத்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மாகிட்ட சொல்லு. பஸ் இல்ல, வீடுதான்னு."

"புல்லு முளைச்ச வீடு" என்றேன்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் நொட்டைதான். போய்ப் பச்சைத் தண்ணில குளி. வெந்நீர் தீர்ந்துபோச்சு."

கிளம்பும்போது அத்தான் அந்தப் பூப்போட்ட பிளாஸ்க்கை என் பெட்டியில் திணித்துவிட்டார். இங்கே இனி எதற்கு என்றார்.

கும்பகோணத்தில், வீட்டு வாசலில் அம்மா என் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் இறங்கவில்லை. உள்ளே போய்ப் பிளாஸ்க்கை எடுத்து வைத்தேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அந்தக் குப்பையில அது கிடந்ததைப் பார்த்தியே, சொல்லாம இருந்திருக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கலாம்மா. ஆனா அவரு மீன் தொட்டிச் சாமானை வாங்கறாரும்மா."

அம்மா பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"தண்ணி நல்லா சுடுதாமா அவளுக்கு?" என்றாள்.

"சுடுதும்மா" என்றேன்.